மாமனாருக்குப் பதில் ஒரு சின்னப் பெட்டி

அந்தப் பெட்டிக்கு மாமனார் என்று பெயர் வைத்தது தராசுக்காரர்தான். கல்யாணமாகிப் புது வீட்டுக்குக் குடிவந்த அன்று அவர் மனைவி இரண்டு சாமான்களை மட்டும் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாள். ஒன்று அவளுடைய பேஸ் கிதார், கீழ்ச்சுரங்களை வாசிக்கும் தடித்த கம்பிக் கிதார். இன்னொன்று அதன் சத்தத்தைப் பெரிதாக்கி வெளியே விடும் ஆம்ப். கிதாரை அவளே தோளில் மாட்டிக்கொண்டாள். ஆம்ப் இடுப்பு உயரம். கறுப்பு ரெக்சின் உறை, மூலைக்கு மூலை இரும்புக் காப்பு, உள்ளே தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர், அதற்குமேல் செங்கல் அடுக்கியதுபோல் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதை அணைத்துத் தூக்கிப் படியேறியவர், மேலே வந்து மூச்சு வாங்கியபடி, "உங்கப்பாவும் கூடவே வந்துட்டார் போலிருக்கே" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதிலிருந்து மாமனாரைத் தூக்கும் வேலை அவருடையது. தராசுக்காரர் என்றால் தராசு விற்பவர் அல்ல, பழுது பார்ப்பவர். மளிகைக் கடை, கிடங்கு, ஆஸ்பத்திரி என்று எங்கெல்லாம் எடை போடும் இயந்திரம் பொய் சொல்ல ஆரம்பிக்கிறதோ அங்கெல்லாம் போய் அதை உண்மை பேச வைப்பார். சோதனைக்கான இரும்புப் படிக்கற்களை நாள் முழுக்கத் தூக்கி வைத்துப் பழகிய உடம்பு. மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தாள். விடுமுறை நாட்களில் தன் தம்பியின் இசைக்குழுவில் வாசித்தாள். தம்பி பாடுவான், கிதாரும் வாசிப்பான். டிரம்ஸ் வாசிப்பவனை எல்லாரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி தராசுக்காரரை அத்தான் என்று கூப்பிட, இடியும் அப்படியே கூப்பிட, நாளடைவில் அவர் அந்தக் குழு போகும் இடமெல்லாம் அத்தான் ஆகிவிட்டார். மைக் போட வருகிறவர்கள்கூட, "அத்தான், கொஞ்சம் தள்ளுங்க" என்பார்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் காரின் பின்பக்கத்திலிருந்து மாமனாரை இறக்கும்போது அவர் இடுப்பில் சுருக்கென்றது. அப்படியே வில்லாக வளைந்து நின்றுவிட்டார். இடிதான் ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

இயன்முறை மருத்துவர் ஒரு சின்னப் பெண். அவருடைய முதுகெலும்பை விரலால் எண்ணிக்கொண்டே, "ஒரு வாளித் தண்ணிக்கு மேல எதையும் தூக்காதீங்க" என்றாள்.

"படிக்கல்லு?"

"கடைக்காரங்களையே தூக்கி வைக்கச் சொல்லுங்க."

"மாமனாரு?"

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தாள். "மாமனாரை எதுக்குங்க தூக்கறீங்க?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முடிவாகச் சொல்லிவிட்டாள். "சின்னதா ஒரு ஆம்ப் வாங்கிடலாம். இப்பல்லாம் ஒரே கையில தூக்கற மாதிரி வருது. நானே கொண்டு போயிக்கறேன். உங்களுக்கு இனிமே அந்தத் தொல்லையே வேண்டாம்."

தராசுக்காரர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். தொல்லை என்று யார் சொன்னார்கள்? அவருக்குப் பாட வராது. தாளம் போட்டால் இடி கும்பிட்டு நிறுத்தச் சொல்வான். அந்தக் கூட்டத்தில் அவருக்கென்று இருந்த ஒரே வேலை அந்தப் பெட்டிதான். அதைத் தூக்கிக்கொண்டு போவதால்தான் மேடையோரம் நின்று பார்க்க முடிந்தது. எல்லாரோடும் டீ குடிக்க முடிந்தது. திரும்பி வரும்போது காரில், எந்தப் பாட்டில் யார் கோட்டைவிட்டார்கள் என்று நடக்கும் ரகளையில் தானும் ஒரு ஆளாக இருக்க முடிந்தது. அவளே ஒரு கையில் தூக்கிக்கொண்டு போய்விட்டால் இவர் எதற்கு? வீட்டில் உட்கார்ந்து துணி மடிக்க வேண்டியதுதான். இதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. பெட்டி தூக்க விடமாட்டேன் என்கிறாள் என்று ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் யாரிடம் போய் முறையிடுவது?

"போய்ப் பாப்போம்" என்றார். போய்ப் பார்க்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்துவிடலாம் என்பது உள்ளே இருந்த கணக்கு.

கடை ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கிதார்கள், தரையில் பியானோக்கள், நடுவில் ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் நடக்க ஒரு சந்து. பேஸ் ஆம்ப்களைக் கேட்டுப் பார்க்கக் கண்ணாடிக் கதவு போட்ட சிறிய அறை. சுவரில் பஞ்சு அடித்திருந்தார்கள். விற்பனையாளர் ஒல்லியாக, கழுத்தில் சாவிக்கொத்து தொங்க, நிற்கும்போதும் ஆடிக்கொண்டே இருந்தார். முதல் ஆம்பைக் கவுண்டர்மேல் எடுத்து வைத்தார். தராசுக்காரர் அதைத் தொடவே இல்லை, காதை மட்டும் கிட்டே கொண்டுபோனார்.

"உள்ள என்ன, ஃபேன் ஓடுதா?"

"ஆமா சார், சூடாகாம இருக்கறதுக்கு."

"வாசிக்காதப்பவும் ஓடுமா?"

"ஓடும்."

"அப்ப மெதுவான பாட்டுல, எல்லாரும் அமைதியா கேட்டுட்டு இருக்கறப்ப, இது மட்டும் புஸ்ஸுனு மூச்சு விட்டுட்டு இருக்கும்."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் அதை ஒதுக்கச் சொன்னாள். தராசுக்காரருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இரண்டாவது, இரண்டு துண்டாகக் கழற்றிக்கொள்ளக்கூடியது. மேலே குமிழ்கள் வைத்த, புத்தகம் அளவுக்கு ஒரு தலை, கீழே ஸ்பீக்கர் பெட்டி. அவர் அந்தத் தலையைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். "மூணு கிலோ."

விற்பனையாளர் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். "இல்ல சார், ரெண்டே கால்."

"அப்படியா? இடுப்பு போனதோட கையும் போயிடுச்சு போல" என்றார் தராசுக்காரர், கொஞ்சம் அசடு வழிந்து. பிறகு சுதாரித்துக்கொண்டு, "ரெண்டையும் சேர்க்கற வயரை வீட்டுல மறந்து வச்சுட்டா என்ன பண்ணுவ?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நான் எதுக்கு மறக்கப் போறேன்?"

"போன வருஷம் கிதாரையே மறந்துட்டு வந்தியே."

விற்பனையாளர் கூரையைப் பார்த்தார். கிதாரை மறந்தது நிஜம்தான். பாதி வழியில் திரும்பி வந்து எடுத்தார்கள். மனைவி மூன்றாவதைக் காட்டினாள். "அது?"

அது ஒரு சாப்பாட்டுக் கூடை அளவுக்குத்தான் இருந்தது. மேலே தோல் கைப்பிடி. முன்பக்கம் சாம்பல் நிறத் துணி. உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, காந்தமும் புது வகை, அதனால்தான் எடை இல்லை என்று விற்பனையாளர் விளக்கினார். சுண்டு விரலில் மாட்டி ஆட்டியும் காட்டினார். கவுண்டர்மேல் வைத்து, வயரைச் செருகி, அவளிடம் கடையின் பேஸ் கிதார் ஒன்றைக் கொடுத்தார்.

அவள் ஒரே ஒரு சுரத்தை வாசித்து நிறுத்தினாள். கீழ்க்கம்பி. அது அறையை நிரப்பி, சாவகாசமாக அடங்கியது. அவள் இன்னொன்று வாசித்தாள். பிறகு அவளுக்குப் பிடித்த அந்த நடையைப் பிடித்தாள், மெதுவாகப் படியிறங்கி, ஒரு படியை விட்டு, மறுபடி ஏறும் நடை. தராசுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு குறை தேடினார். உருண்டையாக இருந்தது. அடியில் கனம் இருந்தது, மேலே தெளிவு இருந்தது. சின்னப் பெட்டிக்குள்ளிருந்து வருகிற எந்தச் சங்கடமும் அதில் இல்லை. மாமனாரிடம் எப்போதும் இருக்கும் ஒரு கரகரப்புகூட இல்லை. சனியன், நன்றாக இருந்தது.

அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "எப்படிங்க?"

டப்பா மாதிரி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்புவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அவளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். புது முடிவெட்டைப் பற்றி, அவள் அக்கா வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி, எங்கே நிறுத்தி டீ குடித்தோம் என்பதைப் பற்றி. ஆனால் தராசுக்காரர் அளவு விஷயத்தில் பொய் சொன்னதில்லை. அவருடைய தொழிலில் அதற்கு மோசடி என்று பெயர். இவள் வாசிப்பும் அவருக்கு அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருந்தது என்பது அந்த நிமிடம்வரை அவருக்கே தெரியாது.

"நல்லாருக்கு" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். வாங்கிடு."

மறுபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த விற்பனையாளர் பார்வையை இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குழுவின் மதியக் காட்சி. பழைய நாடக அரங்கம் ஒன்றை இடிக்காமல் பூசி மெழுகிக் கச்சேரிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கலைஞர்களுக்குப் பக்கவாட்டில் தனிக் கதவு, அதற்கு முன் ஐந்தாறு கற்படிகள். மனைவி கிதாரைத் தோளில் மாட்டி, சின்ன ஆம்பை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையால் கதவைத் திறந்துகொண்டு விடுவிடென்று உள்ளே போய்விட்டாள். தம்பியும் இடியும் முன்பே போயாயிற்று. தராசுக்காரர் காரைப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்தார். கைகள் இரண்டும் யாருடையவோ போல் தொங்கின. ஒன்றைப் பின்னால் கட்டிப் பார்த்தார். பள்ளிக்கூட ஆய்வாளர் மாதிரி இருந்தது, விட்டுவிட்டார்.

கதவருகே ஒரு மரநாற்காலியில் காவலாளி உட்கார்ந்திருந்தார். காலை நீட்டி வழியை மறித்தார்.

"யாரு சார் நீங்க? வாசிக்கறவரா?"

"இல்ல."

"லைட்டு, மைக்கு?"

"இல்ல. பேஸ் வாசிக்கறவங்க வீட்டுக்காரர்."

"வீட்டுக்காரங்கல்லாம் முன் வாசல் சார். காட்சிக்கு முன்னாடி திறப்பாங்க."

தராசுக்காரர் திகைத்துப்போனார். இத்தனை வருடத்தில் எந்தக் கதவிலும் அவரை யாரும் நிறுத்தியதில்லை. இப்போதுதான் புரிந்தது. கனமான பெட்டியை அணைத்துக்கொண்டு, முகம் சிவந்து, "வழி, வழி" என்று வருகிற ஆளை யாரும் யாரென்று கேட்பதில்லை. கதவைத் திறந்து பிடிப்பார்கள்.

மனைவிக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தார். எடுத்து என்ன சொல்வது, என்னை உள்ளே விடச் சொல் என்றா? பைக்குள் போட்டுவிட்டுக் கற்படியில் உட்கார்ந்தார். கல் வெயிலில் காய்ந்து இதமாக இருந்தது. இடுப்புக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் சந்தோஷம் இல்லை.

உள்ளே காட்சிக்கு முன் வாசித்துச் சத்தத்தைச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். தடித்த சுவர். தம்பியின் குரல் வெளியே வரவில்லை, கிதாரும் வரவில்லை. இடியின் பெரிய டிரம் மட்டும் யாரோ மாடியில் அம்மி நகர்த்துவதுபோல் கேட்டது. அதோடு பேஸ். சுவரைத் தாண்ட முடிந்தது அந்த இரண்டுக்கும்தான். தராசுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். என்ன பாட்டு என்று பேஸை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

ஆனால் ஏதோ சரியில்லை. நடையின் ஒவ்வொரு படியும் சம கனத்தில் விழவில்லை. ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போதெல்லாம் அது மட்டும் ஊதிப் பெருத்து, அவர் தலைக்குமேல் இருந்த ஜன்னல் கண்ணாடி டர்ரென்று அதிர்ந்தது. அடுத்த சுரம் அதன் அடியில் மூழ்கிப்போனது. மறுபடி வாசித்தாள். சத்தம் இன்னும் ஏறியது, மறுபடி டர்ர்.

முதலில் அவருக்குள் ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மாமனார் இப்படிப் பண்ணமாட்டார். அடுத்த நிமிடமே அது போய்விட்டது. ஒரு பக்கம் சாய்ந்த தராசைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற மாதிரி உட்கார முடியவில்லை. எழுந்தார். உட்கார்ந்தார். காவலாளி, "மூட்டுவலியா சார்?" என்றார்.

கதவு படாரென்று திறந்தது. மனைவி. நெற்றியெல்லாம் வியர்வை.

"இங்க என்னங்க பண்றீங்க? உங்கள எங்கெல்லாம் தேடறது?"

"உள்ள விடல."

"விடலைன்னா? ஒரு போன் போடத் தெரியாதா?" காவலாளியை ஒரு முறை முறைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஆம்ப் கேக்கவே மாட்டேங்குதுங்க. எவ்வளவு ஏத்தியும் எனக்குக் கேக்கல. கடையில அப்படி இருந்துச்சு, இப்ப என்ன ஆச்சு? மாத்திடலாமா? வீட்டுக்குப் போயி மாமனாரை..."

"கேக்கலையா? இங்க ஜன்னல் பேத்துட்டு வருது. ஒரு சுரம் மட்டும். இறங்கி வரும்போது மூணாவதா வருமே, அது."

"அதுவா? எனக்கு அது காதுலயே விழல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வச்சிருக்க அதை?" என்றார்.

"மேடையில. எனக்குப் பின்னாடி."

"தரையிலயா?"

"வேற எங்க, தலையிலயா?"

தராசுக்காரர் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். "மாமனார் இவ்வளவு உசரம். அவர் பேசுனா உன் முதுகுல பேசுவார். கடையில இதைக் கவுண்டர்மேல வச்சுக் கேட்டோம். இப்ப இது தரையில உக்காந்து உன் கணுக்காலுக்குப் பாடிட்டு இருக்கு. உன் கணுக்காலுக்கா காது இருக்கு?"

அவள் குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தாள்.

"மேடை பலகையா, கல்லா?"

"பலகை. நடந்தா பொதுக் பொதுக்குங்குது."

"அதான். அடியில காலியா இருக்கும். பெட்டியோட சேர்ந்து பலகையும் வாசிக்குது. உனக்குக் கேக்கலைன்னு நீ ஏத்த ஏத்த, அது ஊருக்கே கேக்குது. எது மேலயாவது தூக்கி வைக்கணும். உள்ள நாற்காலி இருக்கா?"

"எல்லாம் வரிசையா தரையோட முடுக்கி வச்சிருக்கு."

இருவர் பார்வையும் ஒரே நேரத்தில் கீழே போனது. காவலாளி நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே" என்றாள் அவள், மருந்தகத்தில் முரண்டு பிடிக்கும் நோயாளிகளிடம் பேசும் குரலில். "காட்சி முடிஞ்சதும் தந்துடுவோம்."

"நான் எதுல உக்கார்றது?"

"படி நல்லாருக்கு" என்றார் தராசுக்காரர். "இவ்வளவு நேரம் சூடு பண்ணி வச்சிருக்கேன்."

காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தார். ஆனால் நாற்காலியைத் தனியே அனுப்ப அவருக்கு மனமில்லை. போன தடவை ஒரு நாற்காலி போனது போனதுதானாம். தானே பின்னால் வந்தார். மூன்று பேருமாக உள்ளே போனார்கள்.

நாற்காலிமேல் சின்ன ஆம்ப் ஏறியது. அடியில், தம்பி மேடையில் விரிக்கக் கொண்டுவந்திருந்த ஜமுக்காளத்தை மடித்து வைத்தார்கள். மனைவி சத்தத்தைப் பாதிக்குமேல் குறைத்துவிட்டு ஒரு சுரம் வாசித்தாள். அவள் தோள்கள் இறங்கின.

"இப்பக் கேக்குது" என்றாள். "எனக்குக் கேக்குது. அங்க எப்படி?"

தராசுக்காரர் மேடைப் படியிறங்கி அரங்கத்துக்குள் நடந்தார். அவர் மேடையோரத்தைத் தவிர வேறெங்கும் நின்றதில்லை. முன் வரிசையில் நின்று கேட்டார். நடுவில் நின்றார். பால்கனிக்கு அடியில், கடைசி வரிசையில், சுவரில் முதுகு படும்படி நின்றார். அங்கே அந்த மூன்றாவது சுரம் இன்னும் லேசாகப் புடைத்துக்கொண்டுதான் இருந்தது. கையை உள்ளங்கை கீழாகப் பிடித்து மெல்ல இறக்கிக் காட்டினார். அவள் குனிந்து அடிச்சத்தத்தின் குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் என்று காட்டினார். திருப்பினாள். இப்போது படிகள் எல்லாம் ஒரே கனத்தில் இறங்கின. தட்டு சமநிலைக்கு வந்து, முள் நடுவில் நின்று, அசையாமல் இருந்தது. அவர் இரண்டு கைகளையும் விரித்துப் போதும் என்று காட்டினார்.

"அத்தான், எனக்கும் பாருங்க" என்று தம்பி மைக்கில் கூவினான்.

"உன் குரல் ரொம்பக் கேக்குது, குறைச்சுக்கோ!"

"அது எப்பவும் சொல்றதுதான."

கூட்டம் வந்ததும் அவர் நடு வரிசையில் ஓரமாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தார். முழு நிகழ்ச்சியையும் உட்கார்ந்து, மேடைக்கு எதிரே இருந்து, சம்சாரத்தின் முகம் தெரிய அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. அவள் வாசிக்கும்போது உதட்டை லேசாகக் கடித்துக்கொள்வாள் என்பதும், நல்ல இடம் வரப்போகிறதென்றால் அதற்கு முன்பே புருவம் ஏறிவிடும் என்பதும் பக்கத்தில் நின்ற வருடங்களில் அவர் கண்ணில் படவில்லை. இரண்டு பாட்டுக்கு ஒருமுறை அவள் இருட்டில் அவர் பக்கம் பார்ப்பாள். அவர் தலையை ஆட்டுவார். ஒருமுறை உள்ளங்கையைக் காட்டினார், குறைத்தாள். காவலாளி மேடையோரத்தில் நின்றபடி நாற்காலியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் காலும் தாளம் போட ஆரம்பித்திருந்தது.

காட்சி முடிந்து வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாற்காலி அதன் இடத்துக்குத் திரும்பியது. இடி தன் டிரம் சாமான் பெட்டியைத் தரதரவென்று படிவரை இழுத்து வந்து நிறுத்தினான். கண்ணில் தராசுக்காரர் பட்டார்.

"அத்தான், கை சும்மாத்தான இருக்கு? இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடிங்களேன்."

பழக்கத்தில் அவர் குனியப் போனார். பின்னாலிருந்து மனைவி, "டேய்" என்றாள். சின்ன ஆம்ப் அவள் கையில் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருந்தது. "அவரைத் தூக்கச் சொல்லாத. அவர் கேக்கறதுக்கு வந்தவர். இனிமே எங்க போனாலும் அவர் முன்னாடி உக்காந்து கேட்டுச் சொன்னாத்தான் நான் குமிழைத் தொடுவேன்."

"ஓ, பதவி உயர்வா?" என்றான் இடி. "சரி, கேட்டீங்கல்ல, நான் எப்படி வாசிச்சேன், அதைச் சொல்லுங்க."

தராசுக்காரர் யோசித்தார். "அந்த மெதுவான பாட்டுல பாதிக்கு மேல ஓட ஆரம்பிச்சுட்ட. இவ உன்னைப் பிடிச்சு இழுத்து நிறுத்த வேண்டியதாப் போச்சு. கடைசிப் பாட்டுலயும் அப்படித்தான்."

தம்பி கைதட்டினான். "நான் இதைத்தான்டா வருஷக்கணக்கா சொல்றேன்!"

"நீ சுருதி விட்டதையும் சொல்லவா?" என்றார் தராசுக்காரர்.

தம்பியின் கை நின்றது. இடி தன் பெட்டியைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு, படியிறங்கியபடி சத்தமாகச் சொன்னான்.

"இதுக்கு அந்த மாமனாரையே தூக்க விட்டிருக்கலாம் இவரை. வாயாவது மூடி இருந்துச்சு."